ஒரே குரலில் ஓடிய ஃபேன்

யாராவது உங்களிடம் வந்து, "இந்த ஃபேன் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்களேன்" என்று கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். நான் தலையாட்டியவள். அதனால் ஒரு பெண்ணுக்கு வேலையும் போகப் பார்த்தது, பேரும் போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இப்போது நீங்கள் பார்க்கிற இதே கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையை முப்பத்தோரு வருடம் பார்த்து ஓய்ந்தவள் நான். ராயபுரத்தில் ஆபீஸ், ஸ்கூட்டியில் டூல்ஸ் பை, எண்ணூர் வரைக்கும் என் எல்லை. சேர்ந்த புதிதில் போகிற இடத்தில் எல்லாம் என்னை உட்கார வைத்துவிட்டு, "இன்ஜினியர் எப்ப வருவார்?" என்று என்னிடமே கேட்பார்கள். "வந்து பத்து நிமிஷம் ஆச்சு" என்பேன். ஃபேனை எப்படி மாட்டுவது என்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் போனில் பார்த்துக்கொள்வீர்கள், எங்களைப் போல விரலைச் சுட்டுக்கொண்டு கற்க வேண்டியதில்லை.

ஆனாலும் கதை புரிய ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் ஃபேனில் நாலு கம்பி. இரண்டு கம்பி மின்சாரத்துக்கு. மூன்றாவது, 'நான் இவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன்' என்று மதர்போர்டுக்குத் தகவல் சொல்கிறது. நாலாவதில் போர்டின் உத்தரவு வருகிறது. மின்சாரம் முழுதாக வந்துகொண்டே இருக்கும். அந்த உத்தரவுதான் மோட்டாரை ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை ஓட விட்டு நிறுத்தும். ஓட விடும் நேரம் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். சிப் சூடாகிறதா, போர்டு பார்க்கிறது, வேகத்தைக் கூட்டச் சொல்கிறது. சூடு தணிந்ததா, குறைக்கச் சொல்கிறது. காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா கூட்டம் சேரச் சேரக் குரலை ஏற்றுவாளே, அவ்வளவுதான் விஷயம். அந்தக் குரலை நான் போய் அடக்கி வைத்தேன்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஓர் எடைமேடை. லாரி மேடை மேல் ஏறி நிற்கும், பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறையில் கம்ப்யூட்டர் எடையைக் காட்டும், நாலு கேமரா வண்டியைப் படம் பிடிக்கும், சீட்டு அச்சாகி வரும். உரிமையாளரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இரும்பு வியாபாரத்தில் காலூன்றியவர். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் கல்பனா. திருவொற்றியூர் குப்பத்துப் பெண், அப்பா படகில் போகிறவர். முப்பது வயது இருக்கும், வாய் ஓயாது, வேலையில் சுத்தம்.

அந்த அறையில் இரும்புத் தூள் பறக்கும். அதற்காகக் கம்ப்யூட்டர் பெட்டியை மேசைக்கு அடியில் ஒரு மர அலமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள். உள்ளே புழுங்கும்தான். புழுங்கினால் ஃபேன் ஊ என்று எழும்பிக் காற்றைத் தள்ளிவிடும். பழைய போர்டுதான், ஆனாலும் வருடக் கணக்கில் அப்படியே ஓடியது.

ஒரு மாசி மாதம். பிரிண்டர் ரிப்பேருக்காகப் போயிருந்தேன். வேலையை முடித்துக் கிளம்பும்போது கல்பனா பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, ஒரு ஒதவி. ட்ரெய்லர் வர சொல்லோ இந்த ஃபேனு கத்துது பாரு, டிரைவரு சொல்ற வண்டி நம்பரு காதுலயே விய மாட்டுது. தொண்டத்தண்ணி வத்துது. எதுனா பண்ணேன்."

நல்ல பெண், டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு இரண்டு நிமிட வேலை. போர்டின் செட்டிங்ஸுக்குள் போய், ஃபேன் வேகம் 'தானாக' என்று இருந்ததை எடுத்துவிட்டு, குறைந்த வேகத்தில் ஒரே அளவாகக் கட்டிப்போட்டேன். அறையே அமைதியாகிவிட்டது. "சூப்பர்க்கா!" என்றாள். எனக்கும் உச்சி குளிர்ந்தது. பிரிண்டருக்காகத்தானே வந்தோம் என்று ரிப்போர்ட்டில் இதை எழுதவில்லை. வெளியே வந்ததும் மறந்தும் போனேன்.

சித்திரை வந்தது. ஒரு வியாழக்கிழமை அண்ணாச்சியிடமிருந்து போன்.

"மேடம், நாளைக்குக் காலையில வந்து பாருங்க. கம்ப்யூட்டர் ஒரு வாரமா தினமும் அணைஞ்சு போகுது. மிசின்ல கோளாறா, ஆள்ல கோளாறான்னு எனக்குத் தெரியணும்."

"ஆள்லயா? என்ன அண்ணாச்சி சொல்றீங்க?"

"பெரிய ட்ரெய்லர் வரும்போது மட்டும் அணையுது மேடம். சின்ன வண்டிக்கு அணைய மாட்டுக்கு. மிசினுக்கு வண்டி அடையாளம் தெரியுமாக்கும்? அணைஞ்சா இந்தப் பிள்ள மேடை மீட்டரப் பாத்து கையால சீட்டு எழுதிக் குடுக்கு. கையால எழுதினா எடையக் கூட்டலாம், கொறைக்கலாம். நான் என்ன கோட்டிக்காரனா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வண்டி பார்த்து அணைகிற கம்ப்யூட்டரை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டேன். வெயில் ஏறவில்லை, வண்டி ஒன்றும் வரவில்லை. நம் ஆட்கள் போனதும் முதலில் என்ன செய்வோம்? பெட்டியை வெளியே இழுப்போம், பக்க மூடியைக் கழற்றுவோம். ஆள் பேரைக் கேட்பதற்கு முன்னால் மூடி கழன்றிருக்கும், அப்படி ஒரு பழக்கம் நமக்கு. நானும் அலமாரியிலிருந்து இழுத்து, மூடியைக் கழற்றி, தூசு ஊதி, இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. ஃபேன் சுற்றுகிறதா? சுற்றுகிறது. மின்சாரம் சரியா? சரி. ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்து, 'இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கல்பனா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "யக்கா, நெஜமாவே ஒண்ணுமில்லியா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ராயபுரம் ஆபீஸில் பையைக்கூட வைக்கவில்லை, கல்பனா வாசலில் நிற்கிறாள். கண் வீங்கியிருந்தது. அழுது முடித்து, கோபத்துக்கு வந்திருந்தாள்.

"இன்னாக்கா, நல்லா கீறியா? நீ எய்திக் குடுத்த சீட்டு என் சோத்துல மண்ண அள்ளிப் போட்ருச்சு."

"என்னம்மா ஆச்சு?"

"திங்கக்கெயமலேர்ந்து வர வேணாம்ன்ட்டாரு. அண்ணாச்சி மச்சினன் வந்து குந்தப் போறாரு. அத்த கூட வுடு. அத்தினி டிரைவருங்க முன்னாடி சொன்னாரு, மிசினு ஒயுங்காத்தான் கீது, கைதான் ஒயுங்கா இல்லன்னு. மார்க்கெட்ல கீற எல்லா எடமேடக்காரனுக்கும் இந்நேரம் தெரிஞ்சிருக்கும். இனிமே எவன்கா என்ன சேப்பான்?"

"நான் பார்த்தப்ப நல்லாத்தான்மா ஓடுச்சு" என்று முனகினேன்.

"சரி, நல்லாத்தான் ஓடுச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. முன்னல்லாம் ட்ரெய்லரு வந்தா ஃபேனு ஊன்னு கெளம்பும்ல? இப்ப ஏன் காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் ஒரே கொரல்ல ஓடுது? நீ அன்னிக்கு வந்துட்டுப் போனதுலேர்ந்து அப்டித்தான்."

அடிப்பாவி! மாசி மாதத்து இரண்டு நிமிடம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ட்ரெய்லர் வந்தால் நாலு கேமராவும் சேர்ந்து வேலை செய்யும். நீள வண்டி, நிறையப் படம். அதுவும் துறைமுகத்திலிருந்து பதினொரு மணிக்கு மேல் வரிசையாக வரும். சிப் கொதிக்கும். ஃபேன் வேகம் எடுக்காது, எடுக்க விடாமல் கட்டிப்போட்டது நான். ஒரு அளவைத் தாண்டினால் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். மாசியில் தாங்கியது, சித்திரையில் தாங்கவில்லை. வண்டி அடையாளம் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துதான் இருக்கிறது!

கல்பனாவையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான், ஆனால் ஆபீஸை நடத்த வேண்டியவர். அண்ணாச்சியிடம் நாலு எடைமேடை, இரண்டு கோடவுன், எல்லாம் நம் ஒப்பந்தத்தில். கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"இதுல என்ன இருக்கு? போய் பழையபடி மாத்தி வச்சிடுங்க. கேட்டா வோல்டேஜ் பிரச்சினைன்னு சொல்லுங்க. வோல்டேஜ் மேல பழி போட்டா அது வந்து கேக்கவா போவுது?"

சிரித்துவிட்டேன். முப்பது வருடத்தில் எத்தனை குற்றத்தை வோல்டேஜ் தலையில் கட்டியிருப்போம்! கல்பனாவும் அதற்கு ஒத்துக்கொண்டாள். "ஆமாக்கா, இப்பவே போயி சரி பண்ணிடு" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நானும் பையைத் தூக்கிவிட்டேன். படியிறங்கும்போதுதான் நின்றேன். சரி பண்ணிவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து கம்ப்யூட்டர் அணையாது. மச்சினன் உட்காருவார், ஒரு பிரச்சினையும் இருக்காது. பார்த்தீர்களா, ஆளை மாற்றினேன் சரியாகிவிட்டது என்பார் அண்ணாச்சி. நானே இவள் மேல் திருட்டுப் பட்டத்தை ஆணி அடித்து மாட்டினது மாதிரி ஆகிவிடும்.

"கல்பனா, நான் அதைத் தொடப் போறதில்ல" என்றேன்.

"இன்னாக்கா டபாய்க்கிற?"

"அணையட்டும். ஆனா அண்ணாச்சி கையில அணையணும்."

பிள்ளைகளே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோளாறைக் கண்டுபிடித்தால் உடனே கையை வைக்கத் தோன்றும், நம் தொழிலின் அரிப்பு அது. அந்தக் கோளாறை யார் கண்ணால் பார்க்க வேண்டுமோ அவர் பார்க்கும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அதுதான் கஷ்டம்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "நேத்து நான் எழுதினது தப்பா இருக்கலாம் அண்ணாச்சி. பதினோரு மணிக்கு நீங்களே அந்த சீட்ல உக்காந்து எடை போடணும்."

"எனக்கு வேற சோலி இல்லையா மேடம்?"

"அரை மணி நேரம். ஒரு பொண்ணோட பேரு அண்ணாச்சி."

"வாங்க, பாப்போம்" என்றார்.

போய்ச் சேர்ந்தால், என் நேரம், அன்றைக்குப் பார்த்து வானம் மூடிக்கிடந்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கொண்டு கல்பனாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். கல்பனாவை உள்ளே வரக்கூடாது என்று சொல்லி வெளியே ஜன்னல் பக்கம் நிறுத்தினேன். அப்புறம் அவள் கை பட்டது, கால் பட்டது என்று பேச்சு வரக் கூடாதில்லையா.

முதல் ட்ரெய்லர் ஏறியது, சீட்டு வந்தது. இரண்டாவது ஏறியது, வந்தது. மூன்றாவதுக்கும் வந்தது. அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தானே ஓடுது மேடம்?"

எனக்கு முதுகு முழுக்க வேர்வை. கணக்குத் தப்பிவிட்டதா? ஃபேன் விஷயமே இல்லையா? நாலாவது வண்டியும் போனது. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைத் தட்டினார். அப்போது ஜன்னலிலிருந்து கல்பனா கத்தினாள்.

"யக்கா! அலமாரிக் கதவ ஏன் தொறந்து வச்சிகினு கீற? நா எப்பவும் சாத்தித்தான் வெப்பேன்!"

குனிந்து பார்த்தேன். வந்ததும் பழக்கதோஷத்தில் ஒரு எட்டு பார்க்கலாம் என்று திறந்தவள், சாத்தவே இல்லை. நேற்று செய்த அதே தப்பு, இன்றைக்கு இரண்டாம் தடவை. தலையில் அடித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அவள் தினமும் ஓட்டுகிற கம்ப்யூட்டர் வேறு, நான் சோதித்துப் பார்த்த கம்ப்யூட்டர் வேறு. காற்றாட விரித்து வைத்துப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!

அதற்கப்புறம் மூன்று வண்டி. எட்டாவதாக, உருட்டுக்கம்பி ஏற்றிய நீள ட்ரெய்லர் மேடையில் ஏறி நின்றது. அண்ணாச்சி வண்டி எண்ணைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். திரை கறுத்தது.

அண்ணாச்சி இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். "ஏ! நான் ஒண்ணும் தொடல! நான் தொடவே இல்ல!"

ட்ரெய்லர் டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "இன்னா நைனா, நீயுமா ஆஃப் பண்ட்ட?"

பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். கல்பனா சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இத்தத்தான் அண்ணாச்சி ஒரு வாரமா நானும் சொல்லிகினு கீறேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அண்ணாச்சி முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார். "ஏன் அணையுது?"

சத்தியமாகச் சொல்கிறேன், வோல்டேஜ் என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. விழுங்கினேன்.

"ஃபேன் வேகத்தை நான்தான் கட்டிப்போட்டேன் அண்ணாச்சி. சூடு ஏறினா அதுவே வேகம் எடுக்கணும். எடுக்காத மாதிரி மாசி மாசம் மாத்தி வச்சேன். எழுதியும் வைக்கல. நேத்து வந்தும் கண்டுபிடிக்கல."

"எதுக்கு மாத்துனீய?"

"சத்தம் அதிகமா இருந்துச்சு."

அவர் விடவில்லை. "யாரு சொன்னா சத்தம்னு? இந்தப் பிள்ளதானே? அப்ப இவ சொல்லித்தானே செஞ்சிருக்கிய!"

"சத்தத்துல காது கேக்கலன்னு சொன்னது அவ. அதுக்கு என்ன செய்யணும்னு முடிவு பண்ணது நான். அவளுக்கு ஃபேனைப் பத்தித் தெரியணும்னு இல்ல, எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

பிறகு அவர் பேசியதை எல்லாம் எழுத முடியாது. மேனேஜருக்கு அங்கிருந்தே போன் போட்டார், அவரையும் விடவில்லை. நாற்காலியை உதைக்காத குறையாக எழுந்து, கல்பனாவிடம், "சரி, உள்ள போ. திங்கக்கிழமையும் நீயே வா" என்றார்.

கல்பனா நகரவில்லை.

"இல்ல அண்ணாச்சி. நேத்து எல்லாரு முன்னாடியும் சொன்னீங்கோ. இத்தயும் எல்லாரு முன்னாடியும் சொல்லுங்கோ."

மேடையில் ட்ரெய்லர் நிற்கிறது, பின்னால் ஆறேழு வண்டி, எல்லா டிரைவரும் இறங்கி வேடிக்கை பார்க்கிறார்கள். அண்ணாச்சி அவளைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏ, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. பிள்ள மேல தப்பு இல்ல. நான் சொன்னதுதான் தப்பு. அவ கை சுத்தம்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று கோடவுன் பக்கம் போய்விட்டார். மனிதர் கோபக்காரர்தான், ஆனால் சொன்னாரே! எத்தனை முதலாளி சொல்வார்?

ஒப்பந்தம் போகவில்லை. நான்தான் ஒரு மாதம் ஆபீஸில் திட்டு வாங்கினேன், வாங்க வேண்டியதுதான். அண்ணாச்சி ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: யார் சர்வீஸுக்கு வந்தாலும் அலமாரிக் கதவைச் சாத்தி, மூடியை மாட்டி, வண்டி வரும் நேரத்தில் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நீங்கள் இன்றைக்கும் அங்கே அப்படித்தான் செய்கிறீர்கள். ஏன் என்று சொல்லாமல் பதினொரு மணி வெயிலில் போய் நிற்கச் சொல்கிறார்களே என்று என்னை ஏசியிருப்பீர்கள். இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அன்றைக்கு அண்ணாச்சி போனதும் ஃபேன் வேகத்தைத் தானாக மாறும்படி பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்தேன். அதில் 'கோளாறுக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக 'தூசு', 'எலி', 'வோல்டேஜ்' என்று நிரப்புவோம். நான் என் பெயரை எழுதினேன். கீழே, என்ன செய்தேன் என்று இரண்டு வரி. வாடிக்கையாளர் தாளைக் கிழித்துக் கல்பனாவிடம் கொடுத்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தாள்.

"இன்னாக்கா, உன் பேர எய்தி வச்சிகீற?"

"கையெழுத்துப் போட்டு உன் வேலையைக் கெடுத்தேன்ல. அதே மாதிரி போட்டுத்தானே திருப்பித் தரணும்."

இன்னொரு தடவை படித்தாள். நாலாக மடித்து, சாப்பாட்டுப் பைக்குள் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, நவுருக்கா. வண்டி நிக்குது."

கல்பனா எடைத் திரையைத் திறந்தாள். மேடையிலேயே காத்திருந்த அந்த உருட்டுக்கம்பி ட்ரெய்லரை நாலு கேமராவும் படம் பிடிக்க ஆரம்பித்தன. மூடிய அலமாரிக்குள்ளிருந்து ஃபேன் ஊ என்று கிளம்பியது. டிரைவர் ஏதோ சொன்னான், ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை.

கல்பனா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "வண்டி நம்பரு இன்னா நைனா? சத்தமா சொல்லு!"